நாய்க்காப்பு

நாய்க்கு வலிக்கிறது என்பதை மனிதனுக்கு எப்படிப் புரியவைப்பது? எட்டு வருஷம் மேடை மேடையாகப் பேசிப் பார்த்தாள் கால்நடை டாக்டர் நிரஞ்சனா. படம் போட்டுக் காட்டினாள். ஒரு கூட்டத்தில் அழக்கூட அழுதாள். அது அவளுக்குச் சுத்தமாக வராத கலை. எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. கிரைண்டரும் மோட்டார் பம்பும் செய்த கோயமுத்தூர்க் கைகள் மின்சாரக் கழுத்துப்பட்டை செய்யப் பழகிவிட்டிருந்தன. அடுக்குமாடி கூடக்கூட நாய் கூடியது, நாய் கூடக்கூடப் பட்டை கூடியது.

பட்டையின் வேலை எளிது. உள்பக்கம் இரண்டு உலோக முளைகள் நாயின் கழுத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். நாய் குரைத்தால், கதவுக்கு வெளியே பாய்ந்தால், சோபாவைக் கடித்தால், வீட்டுக்காரர் தன் போனில் ஒரு பொத்தானை அமுக்குவார். சுள்ளென்று ஒன்று விழும். நாய் அடங்கும்.

ஊர் இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்துகிடந்தது. ஒன்று பிஸ்கட் கட்சி. நல்லது செய்தால் தின்னக் கொடு, கெட்டது செய்தால் முகத்தைத் திருப்பிக்கொள், நாய் தானாகக் கற்றுக்கொள்ளும் என்பார்கள். அதற்குத் தலைவி மாதிரி இருந்தவள் நிரஞ்சனா. மற்றது பொத்தான் கட்சி. அதற்கு மோகனசுந்தரம். பட்டைக் கம்பெனி முதலாளி. சிரித்த முகம், தும்பைப்பூச் சட்டை, எதிரியைக்கூட 'ங்க' போடாமல் பேசமாட்டார்.

அரசாங்கம் வளர்ப்புப் பிராணிகள் நலக் குழு என்று ஒன்றை அமைத்து இருவரையும் கூப்பிட்டு விசாரித்தது.

"மேடம், லாரிக்கு முன்னால ஓடற நாய்க்கு நீங்க பையிலிருந்து பிஸ்கட்ட எடுக்கறதுக்குள்ள அது செத்துப் போயிருமுங்க" என்றார் மோகனசுந்தரம். "என்ற பட்டை ஒரே வாட்டி சுள்ளுனு குடுக்கும். கண்ணுல சீயக்கா பட்ட மாதிரி. உசுரு தங்குமில்லீங்க?"

நிரஞ்சனாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சீயக்காதானே? அப்ப நீங்களும் கையில ஒண்ணு கட்டிக்குங்க. நாய்க்கு விழறப்பல்லாம் உங்களுக்கும் விழட்டும். எத்தன வாட்டி அமுக்கறீங்கன்னு பாத்துடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். மோகனசுந்தரம் சிரிக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். குழுத் தலைவரும் சிரிக்கவில்லை. ஆறு மாதத்தில் அது சட்டமாகிவிட்டது.

இனிமேல் பட்டையைத் தனியாக விற்கக் கூடாது. அதோடு ஒரு கைவளையும் சேர்ந்து வரும். உயிருள்ள ஒரு மணிக்கட்டில் நாடி துடிப்பதை வளை உணர்ந்தால்தான் பொத்தான் வேலை செய்யும். அமுக்கினால் நாய்க்கு விழுகிற அதே அளவு, அதே நொடியில், வளை போட்டவருக்கும் விழும். வளையை யார் போட வேண்டும் என்று பேச்சு வந்தபோது, நாய் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர் என்றார் ஓர் உறுப்பினர். நிரஞ்சனா ஒத்துக்கொள்ளவில்லை. பெயருக்குச் சொந்தக்காரர் வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பார், அவருக்கு வலித்து என்ன லாபம்? தினமும் சோறு வைத்து, கூட்டிப்போய், கூட்டிவந்து பார்த்துக்கொள்கிறவர்தான் போட வேண்டும் என்று வாதாடி ஜெயித்தாள். அவள் வீட்டு நாய்களுக்கு அவள்தான் சோறு வைப்பாள், அவள்தான் கூட்டிப்போவாள். ஊரில் எல்லா வீடும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். தன்னைப் போல் பிறரை நினை என்று சொல்லி வளர்த்தவர்கள் அதில் இப்படி ஒரு வினை இருப்பதைச் சொல்லவில்லை.

முதல் மாதம் விற்பனை பாதாளத்துக்குப் போனது. நிரஞ்சனா குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போய் வெற்றியைக் கொண்டாடினாள். மூன்றாவது மாதம் விற்பனை பழைய அளவைப் போல இரண்டு மடங்காகிவிட்டது. எங்கேயோ உதைக்கிறது, போய்ப் பார்த்து எழுதிக் கொடுங்கள் என்று குழு அவளையே அனுப்பியது.

அப்படித்தான் காளப்பட்டி பக்கம் ஒரு அடுக்குமாடியின் பதினாலாவது மாடிக்கு அவள் போனாள். வீட்டுக்காரப் பெண் வர்ஷினிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. மரியாதையான பெண். நாயின் பெயர் மோக்கா. கருத்த முகம், விறைத்த காது, பெல்ஜியன் ஷெப்பர்டு. காட்டிலும் மேட்டிலும் நாளெல்லாம் ஓட வேண்டிய சாதி அது. மூன்று படுக்கையறைக்குள் கிடந்தது.

பேசிக்கொண்டிருந்தபோதே பால்கனிக்கு மளிகைச் சாமான் டிரோன் வந்து இறங்கியது. மோக்கா கண்ணாடிக் கதவில் பாய்ந்து குரைத்தது. வர்ஷினி பேச்சை நிறுத்தாமல், போனைப் பார்க்கக்கூடச் செய்யாமல் கட்டைவிரலால் பொத்தானை அமுக்கினாள். நாயின் கழுத்து வெட்டி இழுத்தது. அதே நொடியில் சமையலறையில் ஒரு பாத்திரம் கீழே விழுந்து உருண்டது.

மோக்கா டிரோனை மறந்துவிட்டுச் சமையலறைக்கு ஓடியது.

"உங்க கையில வளை இல்லையே" என்றாள் நிரஞ்சனா.

"கோகிலாக்கா போட்டிருக்காங்க டாக்டர். மோக்காவ முழுக்க அவங்கதான் பாத்துக்கறாங்க. ரூல் அதானே? பாத்துக்கறவங்கதான் போடணும்னு." வர்ஷினி கொஞ்சம் கூச்சப்பட்டாள். "நானே ரெண்டு நாள் போட்டுப் பாத்தேன். சத்தியமா. கை மரத்துப் போயிடுது, டைப் பண்ண முடியல. அவங்ககிட்ட கேட்டுட்டுதான் குடுத்தேன். சம்பளத்துலயும் சேத்துத் தரோம்."

பொய் சொல்லும் முகமில்லை அது. அதுதான் நிரஞ்சனாவுக்கு அதிகம் வலித்தது.

சமையலறையில் கோகிலா குனிந்து சிந்திய பருப்பை வழித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது, ஒல்லியான உடம்பு. இடது மணிக்கட்டில் கறுப்பு வளை. அதன் ஓரத்தில் தோல் சிவந்து, மினுமினுத்துக் கிடந்தது. மோக்கா அந்த இடத்தை நக்கிக்கொண்டே முனகியது. வால் கால்களுக்கு நடுவில் போயிருந்தது.

"இத ஏன் கட்டிக்கிட்டீங்க?"

"காப்புங்களா?" கோகிலா சிரித்தாள். வேலை செய்கிற பெண்களெல்லாம் அதை நாய்க்காப்பு என்றுதான் சொல்கிறார்கள் என்பது நிரஞ்சனாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. "மாரியம்மன் நோம்பிக்குக் கட்டற காப்புன்னா பதினஞ்சு நாள்ல அவுத்தரலாமுங்க. இது எப்ப அவுப்பாங்களோ தெரியலீங்க. காப்புக் கட்டமாட்டேன்னு சொன்னா இப்ப இந்தப் பக்கம் எந்த வீட்லயும் வேலை இல்லீங்க, டாக்டரம்மா."

"வலிக்குமே."

"வலிக்குமுங்க. டிரோன் சத்தங் கேட்டா மொதல்ல கத்தியக் கீழ வெச்சுருவனுங்க. அடுப்புல கைய வெச்சிருக்கறப்ப விழுந்தாத்தான் கஷ்டம்." சொல்லிவிட்டு நாயின் காதைத் தேய்த்துக் கொடுத்தாள். "இவன் பாவமுங்க. பட்டைக்குச் சார்ஜு போன அன்னைக்கு இவனுக்கு ஒண்ணும் விழுகாது, எனக்கு மட்டும் விழுகும். அன்னைக்குங்கூட அடங்கிருவான். நான் ஐயோன்னதும் ஓடியாந்துருவான். தன்னாலதான் எனக்கு வலிக்குதுன்னு இவனுக்குத் தெரிஞ்சுபோச்சுங்க."

நிரஞ்சனா அவள் கையைப் பிடித்து வளையின் கொக்கியைத் தேடினாள். கோகிலா கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"அவுத்துப் போட்டீங்கன்னா நாளைக்குப் பதினோராவது மாடி ராஜாமணி வந்து கட்டிக்குவா. நீங்க நாய் டாக்டருங்க தானே? எனக்குப் பாத்துட்டிருக்கறீங்க!"

கேலியாகத்தான் சொன்னாள். நிரஞ்சனாவால் சிரிக்க முடியவில்லை.

நாற்பத்திரண்டு வீடு பார்த்தாள். முப்பத்தெட்டில் வேலைக்காரப் பெண்கள். இரண்டில் வாட்ச்மேன். ஒரு வீட்டில், சொன்னால் நம்பமாட்டீர்கள், மாமனார். பாக்கி ஒரே ஒரு வீட்டில் மட்டும் நாயை வளர்க்கிறவரே வளையைப் போட்டிருந்தார். அவர் இரண்டாம் நாளே பட்டையையும் வளையையும் பரணில் தூக்கிப் போட்டுவிட்டு நாய்க்குப் பிஸ்கட் வாங்கப் போய்விட்டார். சட்டம் எழுதியபோது அவள் மனத்தில் இருந்த மனிதர் அந்த ஒருவர்தான்.

அறிக்கையோடு குழுவின் முன்னால் நின்றாள். தலைவர் பொறுமையாகப் படித்து முடித்தார்.

"நாய்க்கு ஏதாவது புதுசா பிரச்சினையா டாக்டர்?"

"நாய்க்கு இல்ல சார். மனுஷங்களுக்கு."

"நம்ம குழுவோட பேர் என்ன?"

"வளர்ப்புப் பிராணிகள் நலக் குழு."

"அந்த கோகிலா வளர்ப்புப் பிராணியா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் கிண்டலாகக் கேட்கவும் இல்லை. குழு எந்த அதிகாரத்தில் இதில் தலையிடுவது என்றுதான் கேட்டார். தொழிலாளர் துறைக்கு எழுதிப் போட்டாள். வளை ஒரு வீட்டு உபயோகப் பொருள், போடுகிறவர் சம்மதித்துத்தான் போடுகிறார், ஆகவே தலையிட முகாந்திரமில்லை என்று பதில் வந்தது.

பின்வாசல் வழியாகவாவது நுழையலாம் என்று அவள் ஒரு காரியம் செய்தாள். அறிக்கையின் கடைசியில் கோகிலா சொன்னதைச் சேர்த்தாள். பட்டையில் சார்ஜ் இல்லாத நாளிலும் நாய் அடங்குகிறது. அது அடங்குவது தன் வலியால் அல்ல, தனக்குப் பிடித்த மனிதருக்கு வலிப்பதைப் பார்த்துத்தான். ஆகவே நாயின் கழுத்தில் மின்சாரம் தேவையே இல்லை, பட்டையைத் தடைசெய்யலாம். பட்டை போனால் வளையும் போய்விடும் என்பது அவள் கணக்கு. நாயைக் காட்டித்தான் கோகிலாவைக் காப்பாற்ற முடியும் என்று அவளுக்குப் புரிந்திருந்தது.

அந்தப் பக்கத்தை ஊன்றிப் படித்தவர் ஒருவர்தான். இரண்டு மாதம் கழித்து மோகனசுந்தரம் ஓர் அட்டைப்பெட்டியோடு அவள் கிளினிக்குக்கு வந்தார்.

"மேடம், உங்களுக்கு நான் நன்றி சொல்லோணுமுங்க. எட்டு வருஷமா நீங்க கத்துனது இப்பத்தான் என்ற மரமண்டைக்கு ஏறுச்சு." பெட்டியைத் திறந்தார். மெத்தென்ற தோல் பட்டை. அவள் உள்பக்கம் தடவிப் பார்த்தாள். முளைகள் இல்லை.

"கரண்டே இல்லைங்க. சும்மா தோலு. நாய்க்கு ஒரு எறும்பு கடிக்கிற வலிகூடக் கிடையாது."

"அப்ப நாய் எப்படி அடங்கும்?"

"நீங்கதானுங்க எழுதியிருக்கறீங்க."

பெட்டிக்குள் பட்டைக்கு அடியில் வளை இருந்தது.

நிரஞ்சனா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "கையில மட்டுமா?" என்றாள்.

"கையில மட்டுந்தானுங்க. அவங்க சம்மதிச்சுத்தானுங்க போடறாங்க. அது நமக்குள்ள வராத சங்கதி." பெட்டிக்குள்ளிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். "வலியில்லாப் பயிற்சி முத்திரைக்கு விண்ணப்பம் போட்டிருக்கோம். நீங்கதானுங்க சோதிச்சுக் கையெழுத்துப் போடோணும்."

குழு தரும் அந்த முத்திரைக்கான படிவத்தை அவளே உண்டாக்கியிருந்தாள். பன்னிரண்டு கேள்விகள். பன்னிரண்டும் நாயைப் பற்றியவை. கழுத்தில் புண் உண்டா? இல்லை. தோலில் தழும்பு? இல்லை. பட்டினி போடுகிறார்களா? இல்லை. ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவள் ஒன்பதாவது கேள்வியில் நின்றாள். பயிற்சியின்போது நாயிடம் அச்சமோ கலக்கமோ தென்படுகிறதா? நாடி ஏறுதல், வாலை ஒடுக்குதல், முனகல்.

மோக்கா முனகியதை அவள் காதாரக் கேட்டிருக்கிறாள். கோகிலாவுக்கு வலித்தால் அதற்குத் தாங்காது. நாய் கலங்குகிறது என்று சோதனையில் பதிவாகிவிட்டால் முத்திரை கிடையாது. அதோடு, இந்த முறையே கூடாது என்று எழுத அவளுக்கு அதிகாரம் வந்துவிடும். பழைய மாதிரி, புது மாதிரி இரண்டும் போகும். முத்திரை கிடைத்துவிட்டாலோ, ஊரில் எல்லா வீட்டுக்கும் இதுதான். மனுஷியின் வலிக்குச் சட்டத்தில் இடமில்லை, அந்த வலியைக் கண்டு ஒரு நாய் படும் வலிக்கு இடமிருக்கிறது. இப்படியும் ஒரு நியாயமா? ஆனாலும் அதைப் பிடித்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

"காளப்பட்டி மோக்காவ வெச்சுதான் சோதிப்பேன்" என்றாள்.

"தாராளமாங்க. ஒரு மாசமா அந்த வீட்ல புதுசத்தான் போட்டுப் பாத்துட்டிருக்கோம்" என்றார் அவர், சந்தோஷமாக. ஏன் சந்தோஷப்படுகிறார் என்று அவள் அப்போது யோசித்திருக்க வேண்டும்.

சோதனை நாளில் அவள் கொஞ்சம் முன்னாடியே போய்ச் சமையலறைக்குள் நுழைந்தாள். கோகிலா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கோகிலா, இன்னைக்கு மட்டும் ஒரு உதவி செய்ங்க. வலிச்சா மறைக்காதீங்க. எப்படி வலிக்குதோ அப்படியே கத்துங்க. அவன் கலங்கினாத்தான் நான் இத நிறுத்த முடியும்."

கோகிலா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாலுமே நிறுத்திருவாங்களா?"

"நான் நிறுத்தறேன்."

"அப்படியே பண்றனுங்க" என்றாள் கோகிலா. கண் கலங்கியிருந்தது. வெங்காயமாகவும் இருக்கலாம்.

கூடத்தில் மோகனசுந்தரமும் வர்ஷினியும் உட்கார்ந்திருந்தார்கள். மோக்காவின் மார்பில் நாடி பார்க்கும் கருவியைக் கட்டினாள் நிரஞ்சனா. கோகிலாவைச் சமையலறை வாசலில் நாய்க்குத் தெரிகிறபடி நிற்கவைத்தாள். டிரோனை வரவழைத்தார்கள். மோக்கா கதவில் பாய்ந்து குரைத்தது. விதிப்படி பொத்தானைச் சோதனை அதிகாரிதான் அமுக்க வேண்டும். நிரஞ்சனா அமுக்கினாள்.

கோகிலாவின் கை முழங்கைவரை வெட்டி இழுத்தது. அவள் முகம் மலர்ந்தது. வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு, "வாடா தங்கம்! வாடா என் சாமி!" என்று கூப்பிட்டாள்.

மோக்கா திரும்பியது. வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து அவள் இடுப்பில் முன்னங்கால்களை வைத்துக்கொண்டது. கருவியில் நாடி கொஞ்சமும் ஏறவில்லை.

நிரஞ்சனா கோகிலாவைப் பார்த்தாள். இப்படி வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தாள். கோகிலா, தெரியும் என்பதுபோல் தலையாட்டினாள். இரண்டாவது தடவை அமுக்கியபோது கோகிலா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் கத்தத்தான் பார்க்கிறாள் என்பது தெரிந்தது. கை இழுத்தது. உதடு விரிந்துவிட்டது. "வாடா தங்கம்!"

விதிப்படி பத்துத் தடவை. பத்துத் தடவையும் கோகிலா சிரித்தாள். ஆறாவது தடவையிலிருந்து கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே சிரித்தாள். நாய்க்கு ஒன்றும் தெரியவில்லை. அது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு குதித்தது. எட்டாவது தடவைக்குமேல் வர்ஷினி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

முடிந்ததும் நிரஞ்சனா சமையலறைக்குப் போனாள். கோகிலா கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் கோகிலா?"

"கோவிச்சுக்காதீங்க டாக்டரம்மா. கத்தத்தான் பாத்தனுங்க. வரமாட்டேங்குது." அவள் குரலில் நிஜமான வெட்கம் இருந்தது. "புதுசு போட்ட மொத வாரம் அழுதுட்டேதான் இருந்தனுங்க. அதப் பாத்துட்டு இவன் ரெண்டு நாளு சோறே திங்கல. மூலையில போய்ப் படுத்துட்டான். எனக்குத் தாங்கலீங்க. அப்பறந்தான் வலிச்சா சிரிச்சுட்டே கூப்பிட ஆரம்பிச்சேன். இப்ப அதுவே பழகிப்போச்சு. சுள்ளுங்கறதுக்கு முன்னால சிரிப்பு வந்துருது. நேத்து அடுப்புல விரல் சுட்டுதுங்க. அதுக்கும் சிரிச்சுட்டனுங்க."

நிரஞ்சனா அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பத்துத் தடவை அமுக்கிய கையால் பிடிக்க மனம் வரவில்லை.

"கையெழுத்துப் போட்டுருங்க" என்றாள் கோகிலா மெதுவாக. "போடலீன்னா பழசத்தான மாட்டுவாங்க? இவன் கழுத்துல மறுபடியும் அந்த முள்ளு வேண்டாமுங்க. எனக்கென்ன, நான் பாத்துக்கறேன்."

கூடத்தில் மோகனசுந்தரம் மேஜைமேல் படிவத்தை விரித்துப் பேனாவும் வைத்திருந்தார். நாடியின் கோடு பத்து இடத்திலும் ஒரே சீராக அச்சாகி வந்திருந்தது. அதை மாற்றி எழுத அவளால் முடியாது. உட்கார்ந்தாள். மோக்கா வந்து அவள் மடியில் முகத்தை வைத்தது. கழுத்தில் பழைய முளைகள் பதிந்து வழுக்கையாகிக் கிடந்த இரண்டு இடங்களிலும் முடி வளர்ந்திருந்தது. எட்டு வருஷமாக அவள் பார்க்க ஆசைப்பட்ட கழுத்து. அதைப் பார்த்ததும் ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான் பிற்பாடு அவள் அதிகம் கூசினாள்.

பன்னிரண்டு கேள்விக்கும் உண்மையாகவே பதில் எழுதினாள். ஒன்பதாவதில், இல்லை.

"பயிற்சி முறைங்கற எடத்துல அன்புன்னு போட்டுக்குங்க மேடம்" என்றார் மோகனசுந்தரம். "அதானே உண்மை?"

அன்பு என்று எழுதினாள். அடியில் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினாள்.

"மேல ஒண்ண விட்டுட்டீங்க" என்று அவர் விரலால் காட்டினார். பயிற்சி பெற்ற பிராணியின் பெயர் என்று ஒரு கோடு காலியாக இருந்தது.

நிரஞ்சனா எழுதினாள். எழுதிய பிறகுதான் என்ன எழுதினோம் என்று பார்த்தாள். கோகிலா என்று இருந்தது. சமையலறையில் குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பெயரை அடித்துவிட்டுப் பக்கத்தில் மோக்கா என்று எழுதினாள்.

மோகனசுந்தரம் எட்டிப் பார்த்தார். படித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"பரவால்லீங்க மேடம்" என்றார். "அடிச்ச எடத்துல ஒரு சின்னக் கையெழுத்து மட்டும் போட்டுருங்க, போதும்."

போட்டாள்.